விதைப் பையில் வெந்த இட்லி

கடையில் எதை வாங்கினாலும் உறையைத் திருப்பித் திருப்பிப் படிக்கும் வழக்கம் எனக்கு உண்டு. எண்பதுகளில் குற்றாலம் சீசன் கடைகளில் மூலிகைச் சோப்பு, மூலிகைத் தைலம் என்று பச்சை இலை படம் போட்ட லேபிள்கள் வரத் தொடங்கியபோது மற்றவர்கள் மோந்து பார்த்து வாங்கினார்கள். நான் மட்டும் சாரலில் குடையைப் பிடித்துக்கொண்டு பொடி எழுத்தைப் படித்துக்கொண்டு நிற்பேன். "வாங்குதீங்களா, பரீட்சைக்குப் படிக்குதீங்களா?" என்று ஒரு கடைக்காரர் கேட்டேவிட்டார். இப்போதெல்லாம் கடைப் பைகளிலேயே, 'மீண்டும் பயன்படுத்துங்கள், மண்ணைக் காப்பாற்றுங்கள்' என்று அச்சடித்துத் தருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு ஒரு தரம் அடித்துக்கொள்ளும். மீண்டும் பயன்படுத்து என்று எங்கள் வீடுகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு துணியோ டப்பாவோ வந்த வேலை முடிந்தது என்று எங்கள் வீட்டை விட்டு வெளியே போனதே கிடையாது.

நான் சொல்லப்போவது எழுபதுகளின் பிற்பகுதி. வாசுதேவநல்லூரில் பிறந்த நான் கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த அடுத்த வருஷத்து ஆனி மாதம். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு அப்போது நாலாவது மாதம்.

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு உறவு திடீரென்று பெருகிவிடும். சாத்தூரிலிருந்து, விருதுநகரிலிருந்து, எந்த வழியில் சொந்தம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஆட்களெல்லாம் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். விடிந்ததும் குற்றாலம் போய் அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களின் பசி சாதாரணப் பசியாக இருக்காது. அத்தை பெரிய இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றினால் மதியம் வரை அது இறங்காது. ஈடு ஈடாக வெந்துகொண்டே இருக்கும். சிக்கல் என்னவென்றால், இட்லித் துணி காயாது. வெயிலே தலைகாட்டாத ஊரில், துவைத்துப் போட்ட துணி மூன்று நாளானாலும் சொதசொதவென்று கிடக்கும். அதனால் சீசன் வந்தால் கூடுதலாகத் துணி வேண்டும்.

அப்போது இட்லித் துணிக்கு மைதா மாவு வருகிற பைதான் ராஜா. மெத்தென்று இருக்கும், மாவு ஒட்டாது. சந்தைப் பக்கம் பழைய சாக்கும் பையும் விற்கிற வியாபாரி ஒருவர் இருந்தார். அவரிடம் வாங்கும் பைகளில் அத்தைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. எழுத்து இருக்கக் கூடாது. காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கும்பிடுகிற ஆள் அவர். "எழுத்துன்னா சரஸ்வதி. அவ மேல மாவ ஊத்தி வேக வைக்கவா?" என்பார். அத்தை மட்டும் அல்ல, தெருவில் பாதிப் பேர் இப்படித்தான் கேட்பார்கள். அதனால் அந்த வியாபாரியும் வீட்டில் வைத்துச் சலவைச் சோடாவில் ஊறப்போட்டு, பிளீச்சிங் பவுடரில் முக்கி, அச்சை அடியோடு வெளுத்துத்தான் விற்பார். வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் சரக்கு போகும்.

அந்த வருஷம் அத்தை வாங்கிவந்த துணியும் அப்படித்தான் இருந்தது. வழக்கமான மைதாப் பையை விடத் தடிப்பு. ஓரத்தில் நூலோடு நூலாக நெய்த நீலக்கோடு ஒன்று ஓடியது. "கெட்டித் துணிட்டீ, ரெண்டு சீசனுக்குத் தாங்கும்" என்று அத்தை சந்தோஷப்பட்டார். தானும் ஒரு தரம் சோடா போட்டுக் கொதிக்க வைத்தார். தினமும் காலையில் அதை நனைத்துப் பிழிந்து தட்டில் விரிப்பது என் வேலை. நீலக்கோடு வெளிப்பக்கம் வருகிற மாதிரி விரிப்பேன்.

முதல் சில ஈடுகளில் இட்லியின் அடிப்பாகம் லேசான ரோஜா நிறத்தில் இருந்தது. "என்ன அத்தை, இட்லி மருதாணி வச்சிருக்கு?" என்று கேட்டேன். "மலைத் தண்ணி கலங்கி வருதுல்லா, செம்மண்ணா இருக்கும்" என்றார். சீசனில் தண்ணீர் நிறம் மாறுவது எங்களுக்குப் புதிதல்ல என்பதால் நானும் விட்டுவிட்டேன். பிறகு அந்த நிறமும் போய்விட்டது. எனக்கோ மசக்கை அடங்கி நல்ல பசிக்கிற நேரம். அந்தச் சீசன் முழுக்க அந்த இட்லியை நான் தின்ற தீனி சொன்னால் கண்படும்.

புரட்டாசியில் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காக என்னை வாசுதேவநல்லூருக்கு அழைத்துப் போனார்கள். அம்மா அப்பா இல்லை. அண்ணனும் மதினியும்தான். அண்ணனுக்குக் கொஞ்சம் புஞ்சை உண்டு. மழை எதிர்பார்த்து விதைக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். போன நாலாம் நாளோ என்னவோ, பின்கட்டுக்குப் போனபோது சுவரோரம் ஒரு பை சாய்த்து வைத்திருந்தது. வெள்ளைத் துணிப் பை. ஓரத்தில் நீலக்கோடு.

அந்தக் கோடு எனக்கு என் கைரேகை மாதிரிப் பழக்கம். குனிந்து பையைத் திருப்பினேன். திருப்பிய பக்கத்தில் சிவப்பு மையில் மண்டை ஓடு. குறுக்கே இரண்டு எலும்பு. கீழே இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதியிருந்தது. விஷ மருந்து கலந்த விதை, தின்னக் கூடாது, காலிப் பையை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் அழித்துவிட வேண்டும். வாய் பிரிந்திருந்த இடத்தில் உள்ளே சோள விதை தெரிந்தது. நிறம் ரோஜா.

"ஏட்டி, அதத் தொடாத! கையக் கழுவு, கையக் கழுவு!" என்று மதினி ஓடி வந்தார். போன வருஷம் சிந்திக் கிடந்த விதையைக் கொத்தின கோழிகளைப் பற்றிச் சொன்னார். செத்துப்போனதைச் சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். சாவதற்கு முன்னால் என்ன செய்தன என்று சொன்னார். கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டதாம். நிற்க முடியாமல் நடுங்கி நடுங்கி ஒரே இடத்தில் சுற்றினவாம். மதினி நல்லவர். ஆனால் எதை யாரிடம் சொல்வது என்ற கணக்கு அவருக்குக் கிடையாது.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பயம் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது வேறு. கரப்பான்பூச்சிக்குப் பயப்படுகிறவள்தான் நான், இடிக்குப் பயப்படுகிறவள்தான். இது அப்படி இல்லை. உள்ளே பிள்ளை அசைந்தது. அதுவரை அந்த அசைவு வந்தால் சிரிப்பேன். அன்றைக்கு, இது உதைக்கிறதா, நடுங்குகிறதா என்று தோன்றியது. அந்தக் கேள்வி வந்ததுதான், அப்புறம் பிரசவம் வரை அது என்னை விடவில்லை.

விதைக்கு மருந்து போட்டவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் பெரிய கோபம் இல்லை. பையில் மண்டை ஓடு போட்டு, மூன்று வரி எழுதியும் வைத்தார்கள். ஆனால் அந்த எச்சரிக்கையை எழுதியவர்கள், சோடாவில் ஊறினால் போய்விடுகிற மையில் எழுதினார்கள். அழித்துவிடு என்றால் அழித்துவிடுவார்கள் என்று நம்பினார்கள். நல்ல துணியை அழிக்கிற குடும்பம் எங்கள் பக்கத்தில் ஒன்றாவது உண்டா என்று கேட்டுப் பார்த்திருக்கலாம்.

வளைகாப்பு முடிந்து போனவள் பிரசவத்துக்கு முன்னால் மாமியார் வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது என்பது முறை. நான் ஒற்றைக்காலில் நின்றேன். தென்காசியில் அவர்கள் இரண்டு பேரும் இன்னும் அந்தத் துணியில் அவித்ததைத்தானே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்? அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு மறுநாள் பஸ்ஸில் கூட்டிப் போனார். புளியங்குடி தாண்டும் வரை தைரியமாகத்தான் இருந்தேன். அப்புறம்தான், இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று உறைத்தது. நீங்கள் அவித்துப் போட்ட இட்லியில் விஷம் என்று எந்த மருமகள் எந்த மாமியாரிடம் சொல்ல முடியும்? சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் அது ஒரே அர்த்தத்தில்தான் வந்து நின்றது.

அத்தை என்னைப் பார்த்ததும் பதறி, "என்னட்டீ, வலி கண்டுட்டா?" என்று எழுந்து வந்தார். நான் திக்கித் திணறி நீலக்கோட்டைச் சொன்னேன், மண்டை ஓட்டைச் சொன்னேன். கோழியைச் சொல்லவில்லை. அத்தை கேட்டுக்கொண்டே நின்றார். முகம் மெல்ல மெல்ல இறுகியது.

"அப்போ நான் ஒனக்கு வெஷம் வச்சேங்கியா?"

"ஐயோ, அப்படிச் சொல்லல அத்தை. துணி..."

"எம் பேரப்பிள்ளைக்கு நான் வெஷம் வச்சேன்னு சொல்லத்தான் அண்ணனையும் கூட்டிட்டு வந்திருக்கியா? சாட்சிக்கா?"

"அவ ஏதோ பயந்துட்டா அத்தை, மனசுல வச்சுக்கிடாதீங்க" என்று அண்ணன் இழுத்தார். அவ்வளவுதான். அத்தை விறுவிறுவென்று அடுக்களைக்குள் போனார். இருந்த மாவைக் கரைத்து, கொடியில் கிடந்த அதே துணியை நனைத்துத் தட்டில் போட்டு, கொப்பரையை ஏற்றினார். நான் துணியைப் பிடுங்கப் போனேன். என் வயிற்றுக்காகத்தான் அவர் என்னைத் தள்ளவில்லை. கையை மட்டும் விலக்கினார். வெந்ததும் ஆவி பறக்க எடுத்து, தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல், எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தின்றார். "நான் சோடா போட்டுக் கொதிக்க வச்ச துணிட்டீ. அழுக்கே நிக்காது, வெஷமா நிக்கும்?" என்று சொல்லிச் சொல்லித் தின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. சூட்டினாலா கோபத்தினாலா தெரியாது. எனக்கு அந்தக் காட்சியைப் போலப் பயங்கரமானது அதற்கு முன்னும் பின்னும் இல்லை.

சாயங்காலம் வந்த என் வீட்டுக்காரர் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுவிட்டு, யார் பக்கமும் பேசாமல், மறுநாள் காலையில் விவசாய ஆபீசுக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்தார். அங்கிருந்த அலுவலர் முதலில் சிரித்தாராம். பிறகு வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருப்பதைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டாராம். அத்தனை வெளுப்பில் மருந்து போயிருக்கும் என்றாராம். நிச்சயமாகவா என்று கேட்டதற்கு, அந்தப் பையில் சமைத்துச் சாப்பிடுவார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே, அதனால் அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்றாராம்.

பெண் டாக்டரிடம் போனோம். வயிற்றை அழுத்திப் பார்த்து, காது வைத்துக் கேட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றார். "ஆனா இப்படி பயப்படக் கூடாதும்மா. நீங்க பயந்தா பிள்ளைக்குத்தான் ஆகாது" என்றார். நன்றாகப் போயிற்று. அதுவரை விஷத்துக்கு மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து பயத்துக்கும் பயப்பட வேண்டியதாகிவிட்டது.

அன்றைக்கே கிளம்பிவிட்டோம். கிளம்பும்போது அடுக்களைக் கொடியைப் பார்த்தேன். நீலக்கோட்டுத் துணி எதையும் காணோம். கிழித்த பழைய வேட்டித் துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. மற்றதை எரித்தாரா புதைத்தாரா என்று நான் கேட்கவில்லை, அத்தையும் சொல்லவில்லை. வாசலுக்கு வரவும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அத்தையிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வந்து போவார். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டால், "இருக்கா" என்பார். கைகால் நடுக்கம் ஏதும் உண்டா என்று கேட்க வாய் வரும், அடக்கிக்கொள்வேன். அத்தை மேல் எனக்குக் கோபமும் இருந்தது. தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எனக்குத் துணையாகப் பயந்திருக்கலாம். பிடிவாதக்காரி, தன் துணி தன் வெளுப்பு என்று வீம்பு பேசத்தான் தெரியும் என்று மதினியிடம் திட்டித் தீர்த்தேன்.

பகலெல்லாம் வயிற்றில் கை வைத்தபடி இருப்பேன். பிள்ளை அசைந்தால் நடுக்கமோ என்று பயம். அசையாவிட்டால் அதை விடப் பயம். அண்ணன் விதைப்பு முடிந்த கையோடு அந்தப் பையைக் கொல்லையில் வைத்துக் கொளுத்தினார். பக்கத்து வீட்டுப் பெண்மணி ஓடி வந்து, "நல்ல துணியை எரிக்குதீங்களே, எங்களுக்குத் தந்திருந்தா ஒரு உள்பாவாடை தைச்சிருப்போமே" என்று வருத்தப்பட்டுப் போனார்.

மார்கழியில் பெண் பிறந்தது. பிரசவம் பார்த்த நர்ஸ், பெண் என்று சொன்னதைக்கூட நான் கவனிக்கவில்லை. கழுத்து நேராக இருக்கிறதா என்றுதான் கேட்டேன். "இதென்ன கேள்வி, பச்சைப் பிள்ளைக்குக் கழுத்து நிக்குமா?" என்று அவர் அதட்டினார். விரல்கள் சரியாக இருந்தன. அழுதது. பால் குடித்தது. ஆனால் பிள்ளையின் தலை என் கையில் துவண்டு சாயும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோழிதான் கண்ணில் வந்து நின்றது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் என்று மதினி நூறு தடவை சொல்லியிருப்பார். கேட்ட நிமிஷம் தெம்பு வரும், அடுத்த நிமிஷம் போய்விடும். கண் தெரிகிறதா, காது கேட்கிறதா என்று சோதித்துப் பார்க்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. பார்த்து, இல்லை என்று தெரிந்துவிட்டால்?

தீட்டுக் கழிந்த பிறகு அத்தை வந்தார். காப்பும் சட்டையும் கொண்டுவந்திருந்தார். என்னைப் பார்த்து, "உடம்பு தேவலையா?" என்று மட்டும் கேட்டார். பிள்ளையை எட்ட நின்று பார்த்தார், கையில் வாங்கவில்லை. பார், பேத்தியைத் தூக்கக்கூட வீம்பு இடம் கொடுக்கவில்லை என்று எனக்குக் கொதித்தது. சாப்பிட்டு முடித்து, பிள்ளைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மதினி பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் சேலை உரசுகிற சத்தம் கேட்டது. தலையை லேசாகத் திருப்பி அரைக்கண்ணால் பார்த்தேன். அத்தை பிள்ளைக்கு அந்தப் பக்கம் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் தூங்குகிறேன் என்ற நினைப்பு. பிள்ளையின் மூடின கையைப் பிரித்து விரல் விரலாகத் தடவினார். பிடித்துக்கொள்கிறதா என்று தன் விரலைக் கொடுத்துப் பார்த்தார். தலைக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் திருப்பினார். முகத்துக்கு நேரே விரலை அசைத்தார். அவர் கைதான் நடுங்கியது. பிறகு பிள்ளையின் தலைமாட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் பிள்ளையின் காதுக்கு நேரே தூக்கினார். என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று கத்தத் தோன்றியது.

அத்தை பட்டென்று கையைச் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினார்.

பிள்ளை தூக்கிவாரிப் போட்டு, கைகால் விரிய, வீறிட்டு அழுதது. அத்தை அப்படியே தரையில் சரிந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். "நான் வைக்கல தாயி, நான் வைக்கல. எனக்குத் தெரியாது தாயி" என்று பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இத்தனை மாதமும் அவர் அந்த வீட்டில் இந்தப் பயத்தோடு தனியாக எப்படி இருந்திருப்பார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்காவது அழ மதினி இருந்தார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். அத்தை திடுக்கிட்டு முகத்தைத் துடைத்தார். பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் போட்டேன். அழுகை அடங்கிய பிறகு நான்தான் சொன்னேன்.

"இன்னொரு தடவ தட்டுங்க அத்தை. நானும் நல்லாப் பாக்கணும்."

அவர் தட்டினார்.